யார் ஏமாந்தது? ‘பிராடு’ என்ற சொல்லை முன்வைத்து

(படிப்பு வட்டம் ஒன்றில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எல்லாருக்கும் தெரிந்த ஒரு இங்கிலீஷ் சொல்லைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பிராடு. இங்கிலீஷில் ஒரு எழுத்துகூடத் தெரியாதவர்களும் இந்தச் சொல்லைச் சரளமாகச் சொல்வார்கள். ‘அவன் பெரிய பிராடுப்பா’, ‘பிராடுத்தனம் பண்ணாத’, ‘அது பிராடு பத்திரம்’. இதற்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. ஏமாற்று, மோசடி, வஞ்சகம், சூது, புரட்டு, பித்தலாட்டம், தில்லுமுல்லு என்று வண்டி வண்டியாக இருக்கிறது. அப்படி இருந்தும் இந்தச் சொல் சேரிக்குள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது என்றால் கோர்ட், போலீஸ் ஸ்டேஷன், ரிஜிஸ்டர் ஆபீஸ் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். நம்ம ஆட்கள் அங்கே அடிக்கடி போய் நின்றவர்கள்தானே.

இந்தச் சொல்லைப் பற்றி என்னை யோசிக்க வைத்தது ஒரு ஆயா. மனு எழுதிக் கொடுப்பது இயக்க வேலைகளில் ஒன்று என்பது உங்களுக்குத் தெரியும். செங்கல்பட்டுப் பக்கத்து ஆயா அவர். மாமனார் காலத்துப் பஞ்சமி நிலம், இன்றைக்கு வேறு சாதிக்காரர் கையில் இருக்கிறது. நான் வழக்கமாக எழுதுகிற மாதிரியே, ‘எழுதப் படிக்கத் தெரியாத என்னை ஏமாற்றி, பிராடு செய்து, கைநாட்டு வாங்கிக்கொண்டு’ என்று எழுதிப் படித்துக் காட்டினேன். ஆயா கையை நீட்டி நிறுத்தினார்.

“யாரு கண்ணு ஏமாந்தது? அது நெலத்த எழுதிக் குடுக்கற பத்திரம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் வெச்சன். அன்னிக்கு வெக்காம வந்திருந்தா எம் புள்ளைங்க அந்தப் பக்கம் நடமாட முடியுமா? வேலைக்குக் கூப்புடுவாங்களா? ஏமாந்துட்டேன்னு எழுதாத. படிச்சவங்க சிரிப்பாங்க.”

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். ஆயா சொன்னது சட்டப் புத்தகங்களில் நான் தேடிக் கிடைக்காத விஷயம். நாம் ஏமாந்தவர்கள் அல்லர். அப்படியானால் நமக்கு நடந்ததற்குப் பெயர் என்ன? இன்றைய பேச்சு இந்த ஒரு கேள்விதான்.

முதலில் தமிழைப் பாருங்கள். ‘ஏமாற்றினான்’ என்றால் செய்தவன் அவன். ஆனால் பாதிக்கப்பட்டவர் வாயைத் திறந்தால் என்ன வருகிறது? ‘ஏமாந்துட்டேன்’. அந்த வாக்கியத்தில் ஏமாற்றியவனே இல்லை. எழுவாய் நான், வினையும் என்னுடையது. நான் ஏதோ காரியம் செய்துவிட்ட மாதிரி. ‘தூங்கிட்டேன்’, ‘விழுந்துட்டேன்’ என்கிற வரிசையில் ‘ஏமாந்துட்டேன்’. அதனால்தான் தாலுகா ஆபீசில், ‘நீங்க ஏன்யா ஏமாந்தீங்க?’ என்று சுலபமாகக் கேட்டுவிட முடிகிறது. நிலத்தைப் பறிகொடுத்தவர் தன் முட்டாள்தனத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முற்போக்கு பேசுகிற நண்பர்களும் ‘மக்கள் ஏமாந்து கிடக்கிறார்கள், விழிப்புணர்வு இல்லை’ என்கிறார்கள். இரண்டும் ஒரே குரல்தான் என்று நான் சொல்வேன்.

இப்போது இங்கிலீஷ் சொல்லுக்கு வருவோம். அதற்குள்ளே குறைந்தது மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, ஆளைக் குறிப்பது. இரண்டாவது, ஒருவருக்குச் செய்யும் ஏமாற்றுச் செயல். மூன்றாவதை அப்புறம் சொல்கிறேன், நமக்கு வேண்டியது அதுதான்.

ஆளைக் குறிக்கும்போது, தான் இல்லாத ஒன்றாகத் தன்னைக் காட்டிக்கொள்பவன் பிராடு. இதற்கு அயோத்திதாசப் பண்டிதர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சொல் வைத்திருந்தார்: வேஷம். வேஷ பிராமணர், யதார்த்த பிராமணர் என்று பிரித்தார். 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழின் பக்கங்களில் இந்த வேஷம் என்ற சொல் ஆயுதமாகவே இருந்தது. அறிவாலும் ஒழுக்கத்தாலும் அடைய வேண்டிய ஒரு நிலையைப் பிறப்பால் வந்ததாகச் சொல்லிக்கொள்வது வேஷம். மராட்டியத்தில் ஜோதிராவ் புலே 1869இல் புரோகிதர்களின் தந்திரத்தைத் தோலுரித்து எழுதினார், 1873இல் ‘குலாம்கிரி’ எழுதினார். பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தில் ‘புரட்டு’ என்ற சொல் தினப்படிச் சொல்லாக இருந்தது.

இவர்கள் எல்லாரும் சாதியை ஒரு ஏமாற்றாகப் பார்த்தார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மை. பண்டிதரை மறுவாசிப்புச் செய்யுங்கள். ‘பறை’ என்பதற்கு அவர் தருகிற விளக்கத்தைக் கவனியுங்கள். பறைதல் என்றால் சொல்லுதல். வேஷக்காரர்களின் வேஷத்தை ஊரறியச் சொன்ன பௌத்தர்களைத்தான் இழிவுபடுத்தி ஒதுக்கினார்கள் என்பது அவர் கட்டியெழுப்பிய வரலாறு. வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்கிறார்களா என்பது வேறு விவாதம். அதற்குள் இருக்கும் தர்க்கம் என்ன? தண்டிக்கப்பட்டவர்கள் ஏமாந்தவர்கள் அல்லர். தெரிந்துகொண்டவர்கள், தெரிந்ததைச் சொன்னவர்கள். ஆயா சொன்னதும் இதையேதான்.

அடுத்து இரண்டாவது பொருள். சட்டத்தின் பொருள். நம் ஊரில் ஒரு எண்ணே வசவாக மாறியது என்றால் அது 420தான். இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டமே போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, 420 அங்கே 318(4) ஆகிவிட்டது. ஆனால் யாரும் யாரையும் ‘முந்நூத்திப் பதினெட்டு’ என்று திட்டப் போவதில்லை.

இந்தக் குற்றத்துக்கு என்னென்ன வேண்டும்? ஒருவன் பொய் சொல்ல வேண்டும், அல்லது உண்மையை நேர்மையில்லாமல் மறைக்க வேண்டும். இன்னொருவர் அதை நம்ப வேண்டும். நம்பியதால் சொத்தைக் கொடுக்க வேண்டும். ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலிருந்தே அவனுக்கு இருந்திருக்க வேண்டும். ‘மோசடியாக’ என்ற சொல்லுக்குப் பழைய சட்டத்தின் 25ஆம் பிரிவு தந்த விளக்கம் இன்னும் வேடிக்கை: மோசடி செய்யும் எண்ணத்தோடு செய்வதே மோசடியாகச் செய்வது. அவ்வளவுதான். நீதிபதிகள்தான் பிறகு பொருள் சொல்ல வேண்டியிருந்தது.

1872இன் ஒப்பந்தச் சட்டம் கொஞ்சம் தாராளம். அதன் 17ஆம் பிரிவில், நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கொடுக்கும் வாக்குறுதியும் பிராடு. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் தப்பித்தார்கள், ஏனென்றால் ஓட்டு ஒப்பந்தம் அல்ல. அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு. வெறுமனே பேசாமல் இருப்பது பிராடு ஆகாது, பேச வேண்டிய கடமை உள்ளவர் பேசாமல் இருந்தால் ஆகும். பஞ்சமி நிலம் என்று தெரிந்தும் பத்திரம் பதிவானபோது பேசாமல் இருந்தவர்களை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் 1677இல் ஒரு சட்டம் வந்தது. அதன் பெயரிலேயே பிராடு இருக்கிறது. பொய்ச் சாட்சிகளைக் கூட்டிவந்து ‘இவர் எனக்கு நிலம் தருவதாக வாயால் சொன்னார்’ என்று வழக்காடுவதைத் தடுக்க, நிலம் பற்றிய ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும் என்றது. அதாவது காகிதம் பிராடைத் தடுக்கும் என்பது நம்பிக்கை. கையெழுத்துப் போடத் தெரிந்த இரண்டு பேருக்கு நடுவே அது சரி. நம் ஊரில் காகிதமே ஆயுதம் ஆனது. கைநாட்டு உண்மை, பத்திரம் உண்மை, சாட்சிக் கையெழுத்து உண்மை. எல்லாம் உண்மையாக இருக்கிற ஒரு இடத்தில் பொய்யை எங்கே போய்த் தேடுவது? ஸ்டேஷனுக்குப் போனால், ‘என்ன பொய் சொன்னான்? யார் முன்னாடி சொன்னான்? இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போ’ என்கிறார்கள். அந்தப் பொருள்படி அவர்கள் சொல்வது தப்பும் இல்லை. ஆயா ஏமாறவில்லையே.

இப்போது மூன்றாவது பொருள். தோழர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

1962இல் மைசூர் மாநில அரசு, மருத்துவம், பொறியியல் கல்லூரிகளில் பின்தங்கியோர், மிகப் பின்தங்கியோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் எல்லாருக்கும் சேர்த்து 68 சதவீத இடங்களை ஒதுக்கியது. பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அரசியல் சட்டம் கொடுத்த அதிகாரத்தின் மீது செய்யப்பட்ட பிராடு என்று சொன்னது. யார் யாருக்குப் பொய் சொன்னார்கள்? யாருமே இல்லை. ஆணை வெளிப்படையாகப் போடப்பட்டது. கெட்ட எண்ணம் இருந்ததா? இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்று அதே தீர்ப்பு சொல்கிறது. ஒரு அதிகாரம் எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதன் எல்லையைத் தாண்டினால், அதிகாரத்தின் மீதான பிராடு. அவ்வளவு போதும்.

தீர்ப்போடு நமக்குச் சண்டை இருக்கிறது. அதை இன்னொரு நாள் பேசலாம். ஆனால் அது நம் கையில் ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டுப் போனது. பொய் வேண்டாம், நம்புகிறவர் வேண்டாம், கெட்ட எண்ணத்தை நிரூபிக்க வேண்டாம். கொடுக்கப்பட்ட நோக்கத்துக்கு மாறாக ஒரு அதிகாரம் பயன்படுத்தப்பட்டதா என்ற ஒரே கேள்விதான்.

பிறகு 1986இல் டி.சி. வாத்வா வழக்கு. பீகாரில் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள். சட்டசபைக்குக் கொண்டுபோகாமல் திரும்பத் திரும்பப் பிறப்பித்தே உயிரோடு வைத்திருந்தார்கள். பத்து வருஷத்துக்கும் மேல் உயிரோடு இருந்தவையும் உண்டு. உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் மீதான பிராடு என்றது. இங்கேயும் ரகசியம் எதுவும் இல்லை. எல்லாம் அரசிதழில் அச்சாகி வந்ததுதான்.

இன்னொன்று, சாதிச் சான்றிதழ். இதில் நான் மழுப்பப் போவதில்லை. பொய்ச் சான்றிதழ் வாங்கி தலித் இடத்தையோ ஆதிவாசி இடத்தையோ பிடிக்கிறவன் பிராடுதான். அது நம் பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்கிய சோறு. மாதுரி பாட்டீல் வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் சரிபார்ப்புக் குழுக்களை வைக்கச் சொன்னது. 2017இல் வந்த இன்னொரு தீர்ப்பு, பொய்ச் சான்றிதழால் கிடைத்த வேலையும் படிப்பும் போக வேண்டும், அவரிடம் கெட்ட எண்ணம் இருந்ததா என்று அதற்காகத் தேட வேண்டியதில்லை என்றது. சரிதான். நாம் வரவேற்கிறோம். வரவேற்றுவிட்டு ஒரு கேள்வி கேட்கிறோம்: இட ஒதுக்கீட்டுக்கும் சான்றிதழுக்கும் எண்ணத்தைத் தேட வேண்டாம் என்கிறீர்கள். நிலத்துக்கு மட்டும் ஏன் பொய்யைக் காட்டு, எண்ணத்தைக் காட்டு, சாட்சியைக் காட்டு?

பஞ்சமி நிலத்துக்கு வருகிறேன். செங்கல்பட்டுப் பொறுப்புக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அறிக்கை எழுதினார். பறையர்கள் நிலமற்றவர்களாக வைக்கப்பட்டிருப்பதையும், நிலம் கேட்டால் மிராசுதார்கள் குறுக்கே நிற்பதையும் எழுதினார். 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை வந்தது. முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கவோ அடகு வைக்கவோ தானம் கொடுக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கொடுக்கலாம். மீறினால் அரசு எடுத்துக்கொள்ளும். இதுதான் நிபந்தனை. 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. இன்று அதில் நம் கையில் மிஞ்சியது எவ்வளவு என்று உங்கள் ஊரில் போய்க் கேளுங்கள்.

அந்த நிபந்தனை யாருக்குப் போட்டது? நமக்கு மட்டும் போட்டது என்று நினைக்கிறோம். ‘நீங்க விற்கக் கூடாதுன்னு தெரிஞ்சும் வித்தீங்க’ என்று நம்மிடமே சொல்கிறார்கள். நிபந்தனை அரசுக்கும் சேர்த்துத்தான். பதிவு செய்கிற அதிகாரம், பட்டா மாற்றுகிற அதிகாரம், மீட்கிற அதிகாரம் அரசிடம் இருந்தது. அந்த நிலத்தை நம்மிடமே வைத்திருக்க வேண்டும் என்பதற்காகத் தரப்பட்ட அதிகாரம், அந்த நிலத்தை நம்மிடமிருந்து மாற்றிக் கொடுக்கப் பயன்பட்டது. இது மூன்றாவது பொருளில் முழு பிராடு. ஆயா ஏமாந்தாரா இல்லையா என்பது இந்தக் கேள்விக்குள் வரவே வராது. கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்றும் தெரியும். 1994 அக்டோபர் 10, காரணை பஞ்சமி நிலப் போராட்டம். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். ஏமாந்தவர்களா அவர்கள்? தெரிந்து கேட்டவர்கள்.

அடுத்து பஞ்சாயத்து. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல். 1996இல் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. 2006 வரை அங்கே ஒரு தலைவர் இருந்து ஆள முடியவில்லை. வேட்புமனுவே விழாது. விழுந்தால் ஆதிக்கச் சாதி நிறுத்திய ஆள் ஜெயிப்பார், ஜெயித்த கையோடு ராஜினாமா செய்வார். ராஜினாமாக் கடிதம் உண்மை, கையெழுத்து உண்மை. கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குகிற அதிகாரிக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். ஒருத்தரும் ஏமாறவில்லை! இரண்டாவது பொருளில் இங்கே குற்றமே இல்லை. இதற்கு ஊரில் வைத்திருக்கிற சொல்லைப் பாருங்கள்: ‘டம்மி’. அதுவும் இங்கிலீஷ்தான். அதுவும் உட்கார வைத்தவனை விட்டுவிட்டு உட்கார்ந்தவர் மேல் ஒட்டிக்கொள்கிற சொல். டம்மியாக இருக்க மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மேலவளவு சாட்சி. 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனையும் சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள்.

மூன்றாவதாகப் பணம். தாழ்த்தப்பட்டோர் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பத் திட்டப் பணத்தை ஒதுக்க வேண்டும் என்று சிறப்புக் கூறுகள் திட்டம் 1979இல் கொண்டுவரப்பட்டது. 2010இல் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தபோது, அந்தக் கணக்கிலிருந்து 600 கோடி ரூபாய்க்கு மேல் விளையாட்டுச் செலவுகளுக்குப் போனதை மத்திய அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்கு வைத்த பெயர் ‘டைவர்ஷன்’. ரோட்டில் பள்ளம் தோண்டினால் போர்டு வைப்பார்களே, அந்த டைவர்ஷன். நம் பையன் ஸ்காலர்ஷிப் படிவத்தில் வருமானத்தைக் குறைத்துப் போட்டால் பிராடு. ஒரு அரசு நம் பணத்தை ஸ்டேடியத்துக்குக் கொண்டுபோனால் டைவர்ஷன்.

யார் செய்தால் எந்தச் சொல் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? அகராதியும் ஒரு நிலம்தான் தோழர்களே. அதற்கும் பட்டா இருக்கிறது.

சரி, என்ன செய்வது? பேசிவிட்டுப் போகிறவன் ஏதாவது கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மனு எழுதுகிற மாணவர்களுக்காகச் சொல்கிறேன்.

1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டது. திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிறது. நிலத்தைப் பறிப்பதும் தவறாக அனுபவிப்பதும் குற்றம் என்கிற இடத்தில், ‘தவறாக’ என்றால் என்ன என்று விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். அவருடைய விருப்பத்துக்கு எதிராக. அவருடைய சம்மதம் இல்லாமல். சம்மதமே இருந்தாலும், அவரையோ அவருக்கு வேண்டியவரையோ சாவுக்கோ காயத்துக்கோ பயப்பட வைத்து வாங்கிய சம்மதமாக இருந்தால். அல்லது ஆவணத்தைப் புனைந்திருந்தால். மூன்றாவது வரியைத் திரும்பப் படியுங்கள். ‘தெரிஞ்சிதான் வெச்சன்’ என்று ஆயா சொன்னதற்கு அங்கே இடம் இருக்கிறது. அவர் முட்டாளாக நடிக்க வேண்டியதில்லை. பஞ்சாயத்துத் தலைவரைக் கடமை செய்யவிடாமல் தடுப்பதும் அதே திருத்தத்தில் குற்றமாகியிருக்கிறது. பழைய சம்பவங்களுக்குப் புதிய குற்றப் பிரிவு பொருந்துமா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடந்துகொண்டிருக்கும் பறிப்புக்கு நாம் கேட்கலாம்.

இரண்டாவது, மனுவின் எழுவாயை மாற்றுங்கள். ‘நான் ஏமாந்துவிட்டேன்’ என்று தொடங்காதீர்கள். ‘இந்த நிலத்தை இன்ன நிபந்தனையோடு அரசு கொடுத்தது. இன்ன ஆண்டு இன்ன அலுவலகம் நிபந்தனைக்கு மாறாகப் பெயர் மாற்றியது’ என்று தொடங்குங்கள். அ-பதிவேட்டைக் கேளுங்கள். பழைய நில அளவைப் பதிவைக் கேளுங்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது. அழுகிற மனுவை ஓரமாக வைத்துவிட முடியும். ‘எந்த அதிகாரத்தில் மாற்றினீர்கள்?’ என்று கேட்கிற மனுவுக்கு ஒரு வரியாவது பதில் எழுதியாக வேண்டும். அந்த ஒரு வரிதான் அடுத்த படி.

இது எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சொன்னால் நானும் ஒரு பிராடு ஆகிவிடுவேன். சட்டத்துக்குள் ஒரு சொல் இருப்பதும், அதை நமக்காகச் சொல்ல ஒரு அதிகாரி வாய் திறப்பதும் வேறு வேறு. வாய் திறக்க வைப்பது இயக்கத்தின் வேலை, காகிதத்தின் வேலை இல்லை. ஆனால் இயக்கத்துக்கும் சரியான சொல் வேண்டும். ‘ஏமாந்த மக்கள்’ என்று நாமே மேடையில் பேசிக்கொண்டிருந்தால் நம் ஆயாக்களை நாமே கேவலப்படுத்துகிறோம். அவர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. தெரிந்ததைச் சொல்ல முடியாத இடத்தில் அவர்களை வைத்திருந்தார்கள்.

ஆயாவின் மனுவைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். இப்படித் தொடங்கியது: ‘இது பஞ்சமி நிலம் என்பது எனக்கும் தெரியும், எழுதி வாங்கியவருக்கும் தெரியும், பதிவு செய்த அலுவலகத்துக்கும் தெரியும். என்னைப் பயமுறுத்தி எழுதி வாங்கியது.’ படித்துக் காட்டினேன். ஆயா, “இன்னொரு தபா படி” என்றார். படித்தேன். “இப்ப குடு” என்று வாங்கிக் கைநாட்டு வைத்தார்.

மனு இன்னும் கிடப்பில்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை போய்க் கேட்டுவருகிறோம். அடுத்த முறை போகும்போது உங்களில் நாலு பேர் கூட வந்தால் நல்லது.